உடற்பயிற்சி பத்தாவது நாள் ஏன் நின்றுபோகிறது?

திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 36. ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. எடை 84 கிலோ. போன மாதம் எடுத்த சோதனையில் சர்க்கரை ‘பார்டர்’ என்று சொல்லிவிட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை உடற்பயிற்சி ஆரம்பிக்கிறீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடை, வந்ததும் யூடியூப் பார்த்து ஐம்பது ஸ்குவாட், அதாவது நின்ற இடத்திலேயே உட்கார்ந்து எழுவது. முதல் வாரம் ஜோராகப் போகிறது, பத்தாவது நாள் வாக்கில் நின்றுவிடுகிறது. “21 நாள் செய்தால் பழகிவிடும் என்கிறார்கள், எனக்கு அந்த 21 நாளே வரமாட்டேன் என்கிறது. மன உறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது?” என்பது உங்கள் கேள்வி. கூடவே, ஸ்மார்ட் வாட்ச் வாங்கினால் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் மன உறுதியைக் கேட்டாலும், தெரிந்துகொள்ள வேண்டியது பத்தாவது நாளில் என்ன நடக்கிறது என்பதைத்தான். வருஷத்துக்கு மூன்று தடவை ஐந்து மணிக்கு எழுந்து கிளம்புகிற ஆளுக்கு மன உறுதி இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பிசியோதெரபிஸ்ட். முதுகு வலி, முழங்கால் வலி, சர்க்கரை என்று வருகிறவர்களோடு பல வருஷமாக வேலை செய்கிறேன். பயிற்சி சொல்லிக்கொடுப்பது இந்தத் தொழிலில் பாதி. இரண்டு மாதம் கழித்தும் அவர்கள் அதைச் செய்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வது மீதிப் பாதி, கஷ்டமான பாதியும் அதுதான். இதய நோய் நிபுணரோ மனநல மருத்துவரோ சொல்ல வேண்டியதை நான் சொல்ல வரவில்லை. உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்க்காமல் அது எப்படி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அந்த எல்லைக்குள் என் கருத்து இது: உங்கள் திட்டத்தில் முதல் நாள் இருக்கிறது, விட்டுப்போன நாளுக்கு மறுநாள் என்ன செய்வது என்பது இல்லை. கோளாறு அங்கேதான்.

முதலில் அந்த ஐம்பது ஸ்குவாட்டை எடுத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தொடைக்கு அது ரொம்ப ஜாஸ்தி. செய்யும்போது தெரியாது. மறுநாள் சாயங்காலம் தெரிய ஆரம்பிக்கும், அதற்கடுத்த நாள் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி ஏறுவதில் அவ்வளவு கஷ்டம் இருக்காது, இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் காலை வைப்பார்கள். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் கதவுத் தாழ்ப்பாளைப் பிடிப்பார்கள். இதை லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று ஜிம்களில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு, லாக்டிக் அமிலம் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து போய்விடும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் வேலையில், அதாவது உட்காரும்போதும் படி இறங்கும்போதும் செய்கிற வேலையில், நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வீக்கமும் உண்டாகின்றன. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வலி உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். ஆபத்தில்லை. ஆனால் ‘உடற்பயிற்சி என்றால் இந்த அவஸ்தை’ என்று மனதில் பதிந்துவிடுகிறது, அடுத்த தடவை ஷூவைப் பார்த்தாலே அலுப்பு வருகிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி உண்டு. ஒரு தடவை கொஞ்சமாகச் செய்தாலே, அதே வேலையை அடுத்த சில வாரங்களுக்குள் திரும்பச் செய்யும்போது வலி கணிசமாகக் குறைந்துவிடும். தசை அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இது ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட விஷயம். முதல் நாள் எட்டோ பத்தோ செய்தாலும் இந்தப் பாதுகாப்பு ஓரளவு கிடைத்துவிடும். முதல் நாளே ஐம்பது செய்வதால் கூடுதலாகக் கிடைப்பது வலி மட்டும்தான்.

இரண்டாவது விஷயம் தூக்கம். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள், சாப்பிட்டு, பிள்ளைகளோடு இருந்து, போனைப் பார்த்துப் படுக்கப் பன்னிரண்டு ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அலாரம் ஐந்து மணிக்கு. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஒரு வாரம் ஓட்டலாம், புது உற்சாகம் தாங்கும். இரண்டாவது வாரம் உடம்பு கணக்கைக் கேட்கும். அப்போது அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பது சோம்பேறித்தனம் கிடையாது, தூக்கத்தைத் திருடித்தான் நடையைக் கொண்டுவந்தீர்கள் என்பதால் உடம்பு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. காலையில் எழுந்துதான் செய்ய வேண்டும் என்றால் ராத்திரி பத்தரைக்குப் படுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது முடியாத வீட்டில் காலை நடையை விட்டுவிடலாம், சாயங்காலம் இருக்கிறது.

மூன்றாவது, எடை மிஷின். ஏழு நாள் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு ஏறிப் பார்த்தால் அதே 84, சில சமயம் 84.5. புதிதாக வேலை செய்யும் தசை கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் முதல் வாரங்களில் எடை ஏறிக்கூடக் காட்டலாம். கணக்கையும் பார்த்துவிடுங்கள், கணக்கர்தானே நீங்கள். உங்கள் எடையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 150 முதல் 180 கலோரி செலவாகும். சாயங்காலம் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் கிட்டத்தட்ட அதைச் சாப்பிட்டுவிடும். எடை குறைவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. பயிற்சி அதற்குத் துணை நிற்கும், குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ள உதவும். சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், முதுகு வலி இவற்றில் அது தருகிற பலன் எடை மிஷினில் தெரியாது. அதனால் முதல் மூன்று மாதம் எடையைப் பார்த்துப் பயிற்சியை மதிப்பிடாதீர்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்த மூன்றும் சேர்ந்து ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும்போது, பத்தாவது நாள் ஷிப்மென்ட் வருகிறது. இல்லாவிட்டால் மழை, காய்ச்சல், ஊரில் ஒரு கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை. இரண்டு நாள் விட்டுப்போகிறது. இதுவரை நடந்ததெல்லாம் யாருக்கும் நடப்பது. இதற்குப் பிறகு நீங்கள் செய்வதுதான் விஷயத்தைக் கெடுக்கிறது: “சரி, போச்சு, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.” திங்கட்கிழமை ஒன்றாம் தேதி ஆகும், ஒன்றாம் தேதி பொங்கல் ஆகும். வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும் ஜிம்முக்கு வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஜிம் பதிவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள், அதனால் நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதில் தவறு இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை விட்டதற்கு அடுத்த திங்கள் வரை காத்திருந்தால் அந்த நல்ல நாளே கெடுதலாகிவிடுகிறது.

இப்போது 21 நாள் கதைக்கு வருவோம். 1960ல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு புத்தகம் எழுதினார். மூக்கையோ முகத்தையோ திருத்திக்கொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று தான் பார்த்ததை அதில் சொன்னார். அந்த ‘குறைந்தது’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, முகத்துக்குச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது. பழக்கம் உருவாக எத்தனை நாள் ஆகும் என்று நேராகவே அளந்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய கூட்டாளிகளும், 2009ல் வெளியிட்டார்கள். 96 பேர் ஆளுக்கு ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் தினமும் செய்தார்கள். தானாக வரும் நிலைக்கு நெருங்க ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. தண்ணீர் குடிப்பது மாதிரியான காரியங்களைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. நமக்கு முக்கியமான சமாச்சாரம் இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை.

இந்த 66ஐயும் சட்டமாக்கிவிடாதீர்கள். ஆய்வு நடந்ததே 84 நாள், ஆகவே 254 என்பது, பழக்கம் நாளுக்கு நாள் ஏறியதை வரைந்த வளைகோட்டை நீட்டிப் போட்ட கணக்கு. பாதிப் பேருக்கு மேல் அந்த வளைகோட்டுக்குள் சரியாக அடங்கவும் இல்லை. இதிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டுதான். பத்தாவது நாளில் கஷ்டமாக இருப்பது இயல்பு. ஒரு நாள் விட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போவதில்லை.

விட்ட பிறகு திரும்புவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பெரிய ஆய்வும் இருக்கிறது. 2021ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அமெரிக்காவில் ஒரு ஜிம் சங்கிலியின் 61,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம், அவர்களை வரவழைக்க 54 வகையான நான்கு வாரத் திட்டங்களை ஒரே சமயத்தில் சோதித்தார்கள். நினைவூட்டல், பரிசு, உறுதிமொழி என்று என்னென்னவோ. அவற்றில் முதலிடம் பிடித்தது ஒரு சின்னத் திட்டம். திட்டமிட்ட ஒரு நாள் வராமல் போய், அடுத்த முறை வந்துவிட்டால் சுமார் 9 சென்ட் மதிப்புள்ள புள்ளிகள் கூடுதலாகத் தருவது. நம் காசில் ஒரு டீ வாங்கக்கூடக் காணாது. ஆனால் ஜிம் வருகையை அது சுமார் 27 சதவீதம் கூட்டியது. இதையும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும்: நான்கு வாரம் முடிந்ததும் பெரும்பாலான திட்டங்களின் பலன் மறைந்துவிட்டது. 54ல் சில மட்டுமே பிறகும் கொஞ்சம் நின்றன. அதனால் பரிசு கொடுத்தால் பழக்கம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். விட்டவர்களைத் திரும்ப அழைத்துவருவதில் முயற்சியைப் போட்டால் பலன் தெரிகிறது என்று மட்டும் சொல்வேன். என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் பார்ப்பதும் அதுதான். இரண்டு வருஷம் கழித்தும் செய்துகொண்டிருப்பவர்கள் ஒரு நாளும் விடாதவர்கள் இல்லை. நிறையத் தடவை விட்டவர்கள், அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி ஷூவை மாட்டியவர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை நிறுத்துகிறீர்கள். உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது. அதனால் டிபன் பாக்ஸை உள்ளே கொடுத்துவிட்டு, வாசலிலேயே ஷூ மாற்றி, அப்படியே தெருவில் இறங்கிவிடுங்கள். பத்து நிமிஷம் போக, பத்து நிமிஷம் வர. முதல் இரண்டு வாரம் அவ்வளவுதான், உற்சாகம் பொங்கினாலும் அதற்கு மேல் வேண்டாம். ‘இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமே’ என்ற நினைப்போடு வீட்டுக்கு வருவது நல்லது, மறுநாள் அதுவே கூட்டிக்கொண்டு போகும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டி முப்பது நிமிஷத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வேகத்தைக் கூட்டலாம். வேகத்துக்கு ஒரே அளவுகோல் போதும்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சர்க்கரை பார்டரில் இருப்பதால் இந்த முப்பது நிமிஷம் உங்களுக்கு வெறும் நல்ல பழக்கம் என்பதோடு நிற்காது. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. உங்களைப் போல விளிம்பில் இருந்த 531 பேரை சராசரியாக இரண்டரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். நடையும் உணவு மாற்றமும் செய்யச் சொன்ன குழுவில் சர்க்கரை நோய் வந்தவர்களின் விகிதம், எதுவும் சொல்லாத குழுவைவிட சுமார் 28.5 சதவீதம் குறைந்தது. எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் நம் ஊர் ஆட்களிடம், நம் ஊர் சாப்பாட்டோடு பார்த்த கணக்கு என்பதால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். சாப்பிட்ட பிறகு நடக்கும் பத்து நிமிஷம் அந்த வேளைச் சர்க்கரை ஏற்றத்தை மட்டுப்படுத்தும் என்பதும் உறுதியான விஷயம். எட்டு மணி நடை தவறினால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகப் பத்து நிமிஷம் நடந்தாலும் வரவு வையுங்கள். பத்து நிமிஷத்துக்குக் குறைந்தால் பலன் இல்லை என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது. இப்போது அது சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 150ஐத் தொடாவிட்டாலும் சும்மா இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்பதையும் அது தெளிவாகவே சொல்கிறது.

தசைப் பயிற்சிக்கு செவ்வாயும் வெள்ளியும் வைத்துக்கொள்வோம். ஸ்குவாட்டை விட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் முழங்கால் உயரத்துக்கு வருகிற நாற்காலியாக இருக்க வேண்டும். சோபா ரொம்பத் தாழ்வு. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஆபீஸ் சக்கர நாற்காலி கூடவே கூடாது. முன்விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, குதிகாலைத் தரையில் பதித்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுந்திருங்கள். இறங்கும்போதுதான் உண்மையான வேலை. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது. எட்டு தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, இன்னொரு எட்டு. முழங்கால் முணுமுணுத்தால் கையைத் தொடையில் ஊன்றி எழுந்திருக்கலாம். அதன்பின் சுவரில் கைவைத்துத் தண்டால் எட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்பட்டால் அளவு அதிகம், பாதியாக்குங்கள். தேவைப்படாவிட்டால் அடுத்த வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு கூட்டுங்கள். முதல் ஒன்றிரண்டு மாதத்தில் வலு கூடுவது பெரும்பாலும் நரம்பு தசையை நன்றாக வேலைவாங்கப் பழகுவதால்தான், தசை கண்ணுக்குத் தெரிந்து பெருக இன்னும் நாளாகும். கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள்.

இனி ஷிப்மென்ட் வாரம். அது வரும் என்று உங்களுக்கு இப்போதே தெரியும், ஆகவே அதற்கான அளவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். என் யோசனை: அந்த வாரத்தில் ஒரு நாளைக்குப் பத்து தடவை எழுந்து உட்காருவது, சுவரில் பத்து தண்டால். மூன்று நிமிஷம், பேண்ட் சட்டையோடே செய்யலாம். இதனால் உடம்பு பெரிதாகத் தேறாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ‘நான் விட்டுவிட்டேன்’ என்று நினைக்க இடம் கொடுக்காமல் இருப்பதுதான் இதன் வேலை. அதுவும் முடியாமல் முழுசாகவே விட்டுப்போனால், திரும்புவதற்கு நான் சொல்லும் கணக்கு இது. ஆய்விலிருந்து எடுத்ததில்லை, அனுபவத்தில் ஒத்துவந்தது. ஒரு வாரம் வரை விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், உடம்பு எதையும் மறந்திருக்காது. இரண்டு மூன்று வாரம் ஆகியிருந்தால் பாதி அளவில் ஆரம்பித்து, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முதல் வார அளவிலிருந்து, ஆனால் இந்தத் தடவை சீக்கிரமாகவே ஏறிவிடும். காய்ச்சல் வந்திருந்தால், அது விட்டு இரண்டு நாள் ஆகி, பசி திரும்பிய பிறகு பாதி அளவில். டெங்கு மாதிரி ஏதாவது என்றால் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். எந்தக் காரணத்தைக் கொண்டும், நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்று இரண்டு மணி நேரம் என்று வட்டி கட்டாதீர்கள். அந்த வட்டிதான் மறுபடியும் தொடை வலியாக வந்து நிற்கும்.

காலையா மாலையா, நேரம் மாறக் கூடாதா என்பதில் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் செய்தால்தான் பழக்கமாகும் என்று நாங்கள் எல்லோரும் சொல்வது வழக்கம், நியாயமாகவும் படுகிறது. ஆனால் கூகுள் ஊழியர்கள் 2,500 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு, 2021ல் வந்தது, வேறு மாதிரிக் காட்டியது. தேர்ந்தெடுத்த நேரத்தில் ஜிம்முக்கு வந்தால்தான் பணம் என்று ஒரு குழுவுக்கும், எந்த நேரம் வந்தாலும் பணம் என்று இன்னொரு குழுவுக்கும் சொன்னார்கள். பணம் நின்ற பிறகு அதிகமாகத் தொடர்ந்தவர்கள் இரண்டாவது குழு. முதல் குழுவினர் தங்கள் நேரத்துக்குச் சரியாக வரப் பழகியிருந்தார்கள், ஆனால் அந்த நேரம் தப்பினால் அன்றைக்கு வருவதே இல்லை. அலுவலகத்துக்குள்ளேயே ஜிம் இருக்கிற கூகுள் ஆட்களுக்கும் திருப்பூர்க் கணக்கருக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று யோசிக்கத்தான் வேண்டும். இருந்தாலும் எட்டு மணி நடையை முதல் நேரமாகவும், சாப்பாட்டுக்குப் பிந்தைய பத்து நிமிஷத்தை இரண்டாவது நேரமாகவும் வைத்தது இதை மனதில் வைத்துத்தான். அதோடு, அதிகாலை ஐந்து மணிக்குப் பல தெருக்கள் மனிதர்கள் வருவதற்கு முன் நாய்களுக்குச் சொந்தம். இதைப் படிக்கும் பெண்களுக்கு அந்த நேரத்தில் வேறு கவலைகளும் உண்டு. அவர்கள் மொட்டை மாடியில் நடந்தாலும் நடைதான்.

ஜிம்மில் சேரலாமா என்றால், போகும் வழியில் இருந்தால், முதல் மூன்று மாதம் கழித்துச் சேருங்கள். மொத்தமாக வருஷத்துக்குக் கட்டினால் பணத்துக்காகவாவது போவோம் என்பது நிறையப் பேர் போடும் கணக்கு, அது பலிப்பதில்லை. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,700க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் பதிவுகளை இரண்டு பொருளாதார அறிஞர்கள் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்கு சராசரியாக நான்கு தடவை சொச்சம்தான் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் கட்டியிருந்தால் அவர்களுக்கு மிச்சமாகியிருக்கும். கட்டிய பணத்தைவிடக் கூட நடக்க ஒரு ஆள் இருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். அந்த ஆள் வராத நாளில் நீங்களும் போகாமல் இருக்கிற தொல்லை அதில் உண்டுதான்.

எச்சரிக்கையாகச் சிலது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ வந்து, நடையை நிறுத்தியதும் அது குறைந்தால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், தலைசுற்றினால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வாயு என்று நினைத்து சோடா குடிக்க வேண்டாம். அப்பா, அண்ணன் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை காட்டிக்கொள்வது நல்லது. நீங்கள் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கிற வேறு யாராவது இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், வெறும் வயிற்றில் நீண்ட நடை போவதற்கு முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள், பாக்கெட்டில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். தசை வலி இரு பக்கமும் பரவலாக இருக்கும், நாளாக ஆகக் குறையும். ஒரே முழங்காலில் ஒரு இடத்தில் குத்தினாலோ, வீங்கினாலோ அது வேறு விஷயம், நேரில் காட்ட வேண்டும்.

வாட்ச். எண்ணிக்கையைப் பார்ப்பது சிலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் அது காட்டும் 10,000 அடி இலக்கு மருத்துவத்திலிருந்து வந்தது அல்ல. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’, இலக்கு அங்கிருந்து பரவியது. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் 2019ல் வெளியான ஒரு ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் வயதுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, 10,000 வராவிட்டால் வீண் என்பது மட்டும் நிச்சயம் இல்லை. தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று காட்டி, ஒரு நாள் விட்டதும் பூஜ்யமாக்குகிற வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற வியாதியே அதுதான். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் செய்த நாளுக்கு ஒரு டிக் போட்டு, மாதக் கடைசியில் எத்தனை டிக் என்று கூட்டினால் போதும். முதல் மாதம் பதினைந்து வந்தால் நல்ல மாதம். வாட்சுக்கு வைத்த பணத்தில் முதலில் ஷூ வாங்குங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க இருந்த பாதம் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கிறதா என்று நின்றபடி அழுத்திப் பாருங்கள், கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.